ஆண்டவரிடம்தானே சொன்னேன்

சாமுவேலு,

எப்போதும் உனக்கு எழுதும்போது தாளின் தலையில் ஒரு வசனத்தை எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். நீ வாத்தியார் பயிற்சிக்குப் போயிருந்த காலத்தில், "வசனத்தைத் தாண்டினால்தான் வீட்டுச் சமாசாரம் கிடைக்கும்" என்று கூட இருந்த பையன்களிடம் சொல்லிச் சிரிப்பாயாம். இந்தத் தாளில் வசனம் இல்லை. எழுதப் போய், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு வசனம் எழுதிக் காட்டுகிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை என்று தோன்றியது. அதனால் நேராகவே ஆரம்பிக்கிறேன். நீளமாகத்தான் போகும். பஸ்ஸில் வைத்துப் படிக்காதே, பக்கத்தில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தனியாக உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை எஸ்தர் வந்திருந்தாள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு பெண் இப்படி மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கத் தனியாக வருவது நம் ஜனத்தில் வழக்கமில்லை. அவளுக்கு வழக்கத்தைப் பற்றி என்ன கவலை! செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, நல்ல வெயிலில் நடந்தே வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வரவேண்டும் என்று நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய் என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் அவள், "ஆனா ஒண்ணு அத்த, கல்யாண வூட்ல நீங்க ஜெபம் மட்டும் பண்ண வேணாம்னு சொன்னாரு" என்றாள்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். இந்தப் பக்கத்தில் உப்பளத்து ஓரத்திலிருந்து செங்கல்பட்டு ஏரிக்கரை வரைக்கும் நம் ஜனத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், ஒரு வீடு கட்டினால், ஒரு உயிர் போனால், பைபிள் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நான் ஜெபம் பண்ணலாம், பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்று பொருமினேன். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு பாத்திரத்தை உருட்டித் தீர்த்துக்கொண்டேன். சாயங்காலம் ஆவதற்குள் கோபம் போய்விட்டது. கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

எனக்கு ஜெபம் என்ன கொடுத்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால், மிஷன்காரர்கள் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குச் சுவிசேஷம் வாசித்துக் காட்டுகிற வேலையில் வைத்தார்கள். திருக்கழுக்குன்றத்துக் கோயிலைச் சுற்றின மேல்சாதித் தெருக்களிலும் ஒன்றிரண்டு வீட்டில் கேட்பார்கள். நான் கொல்லைப்பக்கமாகப் போய், மாட்டுக்கொட்டில் ஓரத்தில் நின்று வாசிப்பேன். அவர்கள் உள்ளே இருந்து கேட்பார்கள். தொண்டை காய்ந்து தண்ணீர் கேட்டால், அந்த அம்மாள் செம்பைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து ஊற்றுவாள். நான் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பேன். செம்பும் கையும் ஒட்டிவிடக் கூடாது. பாதி தண்ணீர் முழங்கை வழியாக ஓடிவிடும். ரவிக்கை நனைந்தபடியே அடுத்த வீட்டுக்குப் போவேன். இதை நீ சின்னப் பிள்ளையாக என் கூட வந்து பார்த்திருக்கிறாய். ஏன் அம்மா டம்ளர் தரமாட்டேன்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய்.

இப்படி இருந்தவளுக்கு, சபையில் எழுந்து நின்று கண்ணை மூடினால் நூறு தலை குனிகிறது என்பது சின்ன விஷயமா? எனக்குக் குரல் இருந்தது. வார்த்தை தானாக வரும். எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள், எந்த இடத்தில் குரலை ஏற்றினால் ஆண்கள் ஆமென் சொல்வார்கள் என்று எனக்குக் கை வந்துவிட்டது. அது ஆவியானவர் தருகிற வரம் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் அப்படியும் இருந்திருக்கும். மீதி என் சாமர்த்தியம். எது எது என்று நான் ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

உன் அப்பாவை நினைத்துப் பார். பண்ணையில் ஏர் பிடித்தவர், எழுத்து தெரியாது. சபையில் ஒருமுறை உபதேசியார் அவரை ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டார். எழுந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம், "சாமி, நீ பாத்துக்கினுதான் கீற. எனக்குப் பேச வராது. ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. வீட்டுக்கு வந்து, ஒரு பைபிள் அம்மாவின் புருஷன் இப்படியா ஜெபம் பண்ணுவது என்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். அவர் என்னோடு சண்டை போடவில்லை. அதற்கப்புறம் சபையில் அவர் வாயே திறக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அவர் கள்ளுக்கடைக்குப் போய் வந்த நாளில் நான் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, பிள்ளையின் வாயில் போக வேண்டியதைக் குடித்துவிட்டு வருகிறவர்களின் இருதயத்தைத் திரும்பப்பண்ணும்" என்று அவர் காதில் விழும்படி வேண்டுவேன். அவர் பாயில் படுத்தபடியே எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார். நீ துணிக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பாய். புருஷனை வைய வேண்டுமானால் நேராக வைய வேண்டியதுதானே, ஆண்டவரை நடுவில் இழுப்பானேன்? எனக்கு அது புரிய இத்தனை வயசாயிற்று.

உன்னையும் அப்படியே வளர்க்கப் பார்த்தேன். மகாபலிபுரத்துப் பக்கம் மீன்காரப் பெண்களுக்கு வாசிக்கப் போகிறபோது உன்னைக் கூட்டிப்போய், சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் முழங்கால் போடவைத்து, ஜெபம் சொல்லச் சொல்வேன். நீ முணுமுணுவென்று சொல்வாய். நான் சத்தமாகச் சொல் என்பேன். அலைச் சத்தத்தில் ஆண்டவருக்குக் கேட்காதா அம்மா என்று கேட்டாய். ஆண்டவருக்குக் கேட்கும், பக்கத்தில் வலை காய வைக்கிறார்களே, அவர்களுக்கும் கேட்க வேண்டாமா என்று நான் சொன்னேன். சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் முகம் சுருங்கினதும் ஞாபகம் இருக்கிறது. உனக்கு வெட்கம் அதிகம், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நீயே அந்தக் கடலோரத்தில் வாத்தியார் ஆனாய். தினமும் சைக்கிளில் போய் வந்தாய். போன வருஷம் வெயில் காலத்தில் நீ முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாய். நான் கேட்டதற்கு, வாத்தியாருக்கு மரியாதை வேண்டாமா என்று சொல்லிச் சமாளித்தாய். ஒரு நாள் அடுப்பங்கரையில் என் எதிரே உட்கார்ந்து, இடது கைச் சட்டையை மடித்துக் காட்டினாய். முழங்கைக்குக் கீழே வெளுத்துப்போய் ஒரு படை. சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தது. செங்கல்பட்டுக்கு வெளியே இருக்கிற குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு நீயே போய்க் காட்டியிருந்தாய். டாக்டர் கோழி இறகை எடுத்துத் தடவி, தெரிகிறதா என்று கேட்டாராம். உனக்குத் தெரியவில்லை. ஆனால் இது ஆரம்பம்தான், ஒருத்தருக்கும் தொத்துகிற வகை இல்லை, இப்போது மாத்திரை வந்துவிட்டது, விடாமல் சாப்பிட்டால் போய்விடும், பள்ளிக்கூடத்துக்குத் தாராளமாகப் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார். உனக்குப் பேசி வைத்திருந்த எஸ்தரிடம் சொல்லிவிட்டாய், அவள் சரி என்றாள். என்னிடம் கடைசியாகத்தான் சொன்னாய். "யார்ட்டயும் சொல்லிடாதம்மா. நீ மட்டும் எனக்கோசரம் ஜெபம் பண்ணு" என்றாய். நான் தலையை ஆட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வீட்டு முற்றத்தில் வீட்டு ஜெபம். அதற்கு முந்தின வாரம் பட்டணத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து ஜெபம் பண்ணியிருந்தாள். நல்ல உயரம், கண்ணாடி போட்டவள், பாட்டும் பாடுவாள். அந்த வாரம் முழுக்கக் கிணற்றடியில் அவள் பேச்சுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, போதகர் ஐயாவிடமும் சொன்னதில்லை. என் முறை வந்ததும் எழுந்து கண்ணை மூடினேன். வழக்கமான வார்த்தைகள் வந்தன. கூட்டம் அசையவில்லை, யாரோ கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. அப்போது நீ சட்டையை மடித்துக் காட்டினது என் கண் முன்னால் வந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது, அது நிஜம். அந்த நிஜத்தை நான் அங்கேயே எடுத்துக் கடை விரித்துவிட்டேன். "குஷ்டரோகியைக் கை நீட்டித் தொட்ட ஆண்டவரே, என் வயிற்றில் பிறந்ததையும் தொடும், தொட்டுச் சுத்தமாக்கும்" என்று கதறினேன். முற்றம் முழுக்க அழுதது. பேர் சொல்லவில்லை என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சாதித்தேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

ஆமென் சொல்லி உட்கார்ந்தபோது எனக்குள்ளே ஒரு நிறைவு இருந்தது. அந்தப் பட்டணத்து அம்மாளை ஜெயித்துவிட்ட நிறைவு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதியே பிரயோசனம் இல்லை. பக்தியில் பெயர்போன பரிசேயன் கோயிலில் முன்னால் நின்று தன்னைப் பற்றியே ஜெபம் பண்ணினான், வரி வசூலிக்கிற பாவி ஆயக்காரன் பின்னால் நின்று மார்பில் அடித்துக்கொண்டான் என்று எத்தனை வீட்டில் வாசித்திருப்பேன்! நான் அதைவிடக் கெட்டிக்காரி. ஆயக்காரன் மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு பரிசேயன் வேலையைச் செய்தேன்.

திங்கட்கிழமை உன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மீதியும் வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் உன்னைக் கூப்பிட்டு, முழுக்கக் குணமாகிற வரைக்கும் வீட்டில் இருங்களேன் தம்பி என்று இனிப்பாகச் சொல்லி அனுப்பினார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினாய், அவர் அதைக் கையால் வாங்கவில்லை. எஸ்தரின் அப்பா, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர், நல்ல மனுஷர்தான், அவரும் ஆள் விட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீ சைக்கிளில் போனால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, ஆண்டவரிடம்தானே சொன்னேன், ஊரிடமா சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கானானிய ஸ்திரீ தன் மகளுக்காகத் தெருவில் கத்திக்கொண்டே பின்னால் போகவில்லையா, சீஷர்களுக்குக்கூடத் தொந்தரவாக இருந்ததே என்று உன்னிடமே வாதாடினேன். நீ வாதாடவில்லை. துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்மா. மொள்ள சொல்லியிருக்கலாம்" என்றாய். அவ்வளவுதான் நீ என்னைக் கடிந்துகொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகும் நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீட்டில், ஆண்டவர் அந்தக் குஷ்டரோகியைச் சுத்தமாக்கின இடம் வந்தது. எத்தனை தரம் வாசித்த இடம்! நான் எப்போதும் "சுத்தமாகு" என்று அவர் சொல்கிற இடத்தில் குரலை ஏற்றி, அதோடு புஸ்தகத்தை மூடிவிடுவேன். கதை அங்கே முடிந்துவிட்டது என்று என் நினைப்பு. அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள், அப்புறம் அவன் என்ன ஆனான் என்று கேட்டாள். கீழே வாசித்தேன். பார்த்துக்கொள், ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாதே என்று அவர் அவனைக் கண்டித்து அனுப்புகிறார். அவன் கேட்கவில்லை. போன இடமெல்லாம் சொல்லிப் பரப்பிவிட்டான். அதனால் ஆண்டவரே ஊருக்குள் வெளிப்படையாக வர முடியாமல் வெளியே, ஆள் இல்லாத இடத்தில் இருக்க வேண்டியதாயிற்று. எனக்கு அதற்கு மேல் வாசிக்க வரவில்லை. தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொல்லிப் பரப்பினவன் சந்தோஷத்தில் பரப்பினான், அவனை மன்னிக்கலாம். நான் பரப்பினதால் ஊருக்குள் வர முடியாமல் போனவன் என் மகன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என்னைப் பார்த்துத்தான் சொன்னதோ என்னவோ.

அத்தோடு என் வெட்கம் தீர்ந்திருந்தால் தேவலை. ஜெபத்தில் செய்த தப்பை மட்டும் ஒத்துக்கொண்டு, கல்யாணத்தில் மௌனமாக இருந்து கழித்துவிடலாம் என்றுதான் வியாழக்கிழமை கோபத்தை விழுங்கிக்கொண்டு எஸ்தரிடம் சரி என்று சொன்னேன். அவள் எழுந்து வாசல் வரைக்கும் போனாள். செருப்பைப் போட்டாள், திரும்பி வந்தாள். "அத்த, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. அவர நீங்க தொட்டு எவ்ளோ நாளாவுது?" என்றாள்.

பதிலுக்கு நிற்காமல் வெயிலில் இறங்கி நடந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ சொல்லியிருப்பாய், அல்லது சொல்லாமலே அவள் கண்டுபிடித்திருப்பாள்.

நீ கையைக் காட்டினதிலிருந்து பெட்டியைத் தூக்கின வரைக்கும் நம் வீட்டில் நான் நடந்துகொண்டதை நீ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. நானே சொல்கிறேன். உன் தட்டை வேறாக எடுத்து வைத்தேன். பழைய தட்டு நெளிந்துவிட்டது, உனக்குப் புதுசு என்று சொன்னேன். நீ குடித்த லோட்டாவைச் சாம்பல் போட்டு, வெந்நீர் ஊற்றி, கொல்லையில் தனியாகக் கவிழ்த்தேன். உன் வேட்டியை வண்ணாத்துறைக் கல்லில் கடைசியாகத் துவைத்தேன். டாக்டர் தொத்தாது என்று சொல்லியிருந்தார். நான் படித்தவள், எனக்கு அது புரிந்துதான் இருந்தது. புத்திக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. கஞ்சி ஊற்றும்போது கரண்டி உன் தட்டில் படாமல் தூக்கிப் பிடித்து மேலிருந்து ஊற்றினேன். ஒரு நாள் அது தட்டு விளிம்பில் பட்டு உன் முழங்கை வழியாக வழிந்தது. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வை என்ன சொன்னது என்று எனக்கு அப்போதே தெரியும். கொல்லைப்பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு நின்றவளுக்குத் தெரியாத காரியமா அது? எந்தச் செம்பை நினைத்து ஆயுசு முழுக்க மனம் வெந்தேனோ, அந்தச் செம்பை நானே தூக்கிப் பிடித்தேன், என் வயிற்றில் பிறந்தவனுக்கு.

ஊரெல்லாம் அழ, தொடும் ஆண்டவரே என்று கூவினேனே, நான் அவரிடம் என்ன கேட்டேன் என்று இப்போது விளங்குகிறது. எனக்குத் தொட பயமாக இருக்கிறது, அதனால் நீர் தொடும் என்று கேட்டிருக்கிறேன். அவர் அந்த மனுஷனைச் சுத்தமாக்கிவிட்டு அப்புறம் தொடவில்லை நைனா. முதலில் கை நீட்டித் தொட்டார். அதற்குப் பின்னால்தான் பேசினார். எனக்கு வாய் முந்திவிட்டது, கை வரவே இல்லை.

கல்யாணம் பண்ணப்போகிறாய், பெற்றவள் நாலு வார்த்தை புத்தி சொல்லாமல் இருக்க முடியாது. என் தப்பிலிருந்து எடுத்ததைத்தான் சொல்கிறேன், அதனால் நம்பலாம். நீயும் எஸ்தரும் சேர்ந்து முழங்கால் போடுங்கள். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியதை ஆண்டவர் வழியாகச் சொல்லாதே. சாதம் குழைந்திருந்தால் குழைந்திருக்கிறது என்று அவளிடமே சொல், பொறுமை தாரும் என்று மேலே பார்த்துச் சொல்லாதே. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் பண்ணு என்று ஆண்டவர் சொன்னது, அடக்கத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். கதவு பூட்டியிருந்தால் வெளியே இருக்கிறவன் பேரும் மானமும் பத்திரமாக இருக்கும், அதற்காகவும் சொல்லியிருக்கிறார். யாராவது உன்னை நம்பி ஒன்றைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னால், அவரைக் கேட்டுக்கொண்டுதான் அதை உன் மனைவியிடம்கூடச் சொல். வார்த்தை வராத நாளில் பயப்படாதே. கை கால் விழுந்த திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்களே, அவர்கள் ஒரு வார்த்தை பேசினதாக எங்கேயும் இல்லை. கூரையைப் பிரித்தார்கள், ஆண்டவர் முன்னால் இறக்கினார்கள், அவ்வளவுதான். அவர்கள் விசுவாசத்தை அவர் கண்டார் என்று இருக்கிறது, கேட்டார் என்று இல்லை. உன் அப்பா இருந்தால் அந்த நாலு பேரில் ஒருவராகக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருப்பார். அவர் ஜெபத்தைப் பார்த்துச் சிரித்தவர்களோடு நானும் சேர்ந்தேனே என்று இப்போது அவரிடம் சொல்ல முடியாது.

உனக்காகக் கட்டில் தூக்கினவள் எஸ்தர்தான். அப்பா சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் விட்ட பிறகும் அவள் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள், வரிசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தாள், அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலையை நீ கேட்டு வாங்கும்படி பண்ணினாள். வீட்டில் அப்பாவைத் தூங்கவிடவில்லையாம். நியாயாதிபதியை நச்சரித்துத் தன் காரியத்தைச் சாதித்த அந்த விதவை மாதிரி, சாப்பாடு போடும்போதும் கேட்டாள், வேலைக்குக் கிளம்பும்போதும் கேட்டாள். கடைசியில் அவரே, "இவ தொல்ல தாங்கல, கட்டிக்கினு போட்டும்" என்று போதகர் ஐயாவிடம் வந்து ஓலை வாசிக்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன். நான் முற்றத்தில் கேட்டதை அவள் நடந்து வாங்கினாள்.

இப்போது என் விண்ணப்பம். கல்யாணத்தில் நான் ஜெபம் பண்ணமாட்டேன். போதகர் ஐயாவே கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டேன், அதை நீ மனதிலிருந்து எடுத்துவிடு. இன்னொன்றையும் செய்யமாட்டேன். கோயிலில் எல்லோர் முன்னாலும் உன்னைக் கட்டிப் பிடித்து, உன் கையை எடுத்து முத்தம் கொடுத்தால் சபை முழுக்க அழும். எந்த இடத்தில் அழும் என்றுகூட எனக்குத் தெரியும். தெரிவதனால்தான் வேண்டாம் என்கிறேன். நாலு பேர் பார்க்கச் செய்தால் அதுவும் அந்த வெள்ளிக்கிழமை ஜெபம்தான்.

கல்யாணம் புதன்கிழமை. நான் செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். நீ வாடகைக்குப் பிடித்திருக்கிற வீட்டில் உள்ளே ஓர் அறை இருக்கிறது என்று எஸ்தர் சொன்னாள். நான் வந்து அதற்குள் உட்காருகிறேன். நீ உள்ளே வந்து கதவைச் சாத்து, சட்டையை மடித்துக் கையைக் கொடு. நான் ஒன்றும் பேசமாட்டேன், அழவும் பார்க்கமாட்டேன், பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். உனக்கு மனம் வரவில்லை என்றால் வரவேண்டாம் நைனா, எனக்கு அதைக் கேட்க உரிமை இல்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிடு. நான் புரிந்துகொண்டு எழுந்து, கொல்லையில் எஸ்தர் வீட்டுப் பெண்களோடு வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறேன்.

அம்மா